மூக்குக்கு ஒரு கட்டம்

மலேசியாவின் சிலாங்கூரில் புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்த பழைய ஆட்களிடம் தண்ணீரைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால், முதலில் வாசனையைத்தான் சொல்வார்கள். பால்மரக் காலத்துப் பாரிட்டில், அதாவது வடிகாலில், புளித்த பாலின் நாற்றம். செம்பனை ஆலைக் குளத்துப் பக்கமிருந்து காற்று திரும்பினால் சிக்குப் பிடித்த எண்ணெயும் ஊறிப்போன தவிடும் சேர்ந்தாற்போல ஒன்று வீட்டுக்குள் வந்து சோற்றுத் தட்டில் உட்காரும். மழைக்கு முன் அல்லூர் எனும் சாக்கடையிலிருந்து எழும் சேற்று வாடை வேறு, மழை விட்டபின் எழுவது வேறு. "அந்தத் தண்ணியில கால வைக்காத தம்பி, வாட சரியில்ல" என்று பாட்டி சொன்னால் அதற்கு மேல் விசாரணை கிடையாது. மீனும் ஒரு சாட்சி. விராலும் கெளுத்தியும் மேலே வந்து காற்றை விழுங்கிப் பிழைக்கத் தெரிந்தவை. மோசமான தண்ணீரிலும் தாக்குப்பிடிக்கும். அவையே வயிற்றைக் காட்டி மிதந்தால் நேற்றிரவு யாரோ எதையோ திறந்துவிட்டார்கள் என்று லயத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். தெரிந்து என்ன ஆனது என்பது தனிக் கேள்வி. பெரும்பாலும் ஒன்றும் ஆகவில்லை. இரண்டு நாள் பாரிட்டுப் பக்கம் போகாமல் இருந்தார்கள், அவ்வளவுதான்.

இன்று அந்தப் பாட்டியின் பேரப்பிள்ளைகள் வயதில் இருப்பவர்களுக்கு வேறொரு முறை சொல்லித்தரப்படுகிறது. பெட்டாலிங் ஜெயாவிலிருந்து 1998 முதல் இயங்கிவரும் உலகச் சுற்றுச்சூழல் மையம் நாட்டின் பல இடங்களில் பள்ளி மாணவர்களை 'ஆற்றுக் காவலர்'களாகப் பழக்குகிறது. அதன் ஆற்றுப் பராமரிப்புத் திட்டத்தை நடத்திவந்த முனைவர் காளிதாசன் ஒரு தமிழர் என்பது இந்தப் பக்கத்து ஆட்களுக்கு ஒரு சின்னப் பெருமை. கோல சிலாங்கூரில் மலேசிய இயற்கைக் கழகம் 1987-லிருந்து பேணிவரும் இயற்கைப் பூங்கா இருக்கிறது. பள்ளிப் பேருந்துகள் அங்கே வந்து நிற்பது புதிதல்ல. வடக்கே ராஜா மூசா காட்டை ஒட்டிய பள்ளிகளில் புதைசேற்றுக் காட்டுக்கென்றே இளங்காவலர் பயிற்சி உண்டு. இடத்துக்கு இடம் பெயர் மாறினாலும் காட்சி ஒன்றுதான். கால்சட்டையை முழங்கால்வரை மடித்துக்கொண்ட படிவம் இரண்டு, படிவம் மூன்று பிள்ளைகள். ஒரு வாளி, ஒரு வலை, சீனிமிட்டாய் போன்ற மாத்திரைகள் அடங்கிய பெட்டி, வெயிலில் பளபளக்கும் வண்ண அட்டை. மாத்திரையைக் குழாய்க்குள் போட்டுக் குலுக்கினால் தண்ணீர் நிறம் மாறும். மாறிய நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டு எண்ணை எழுத வேண்டும். அந்த எண் வருகிற நொடியில் பிள்ளைகளின் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். அதுவரை வெறும் சாக்கடையாக இருந்தது திடீரென்று பேசத் தொடங்கியதுபோல இருக்கும் அவர்களுக்கு.

அந்த வெளிச்சத்தை மறுக்க முடியாது. உறுத்தல் வேறெங்கோ இருக்கிறது. அதை விரல்வைத்துக் காட்டுவது எளிதாகவும் இல்லை.

முதலில் அட்டையைப் பார்க்கலாம். மலிவான சோதனைப் பெட்டிகள் பலவற்றில் கரைந்த பிராணவாயுவுக்கு மூன்றே படிகள்: பூச்சியம், நான்கு, எட்டு. பி.எச். அளவு 4-ல் தொடங்குகிறது. உலகின் பெரும்பாலான ஓடைகளுக்கு இது போதும். வட சிலாங்கூரின் புதைசேற்றுக் காட்டிலிருந்து வடியும் தண்ணீருக்குப் போதாது. மலாய்க்காரர்கள் காம்புட் என்று சொல்லும் அந்த நிலம் பல ஆயிரம் ஆண்டுகளாக முழுதாக மக்காமல் அடுக்கடுக்காய்ப் படிந்த இலையும் வேரும் கட்டையும்; 70,000 ஹெக்டேருக்கு மேல் பரந்தது. அதில் ஊறிவரும் நீர் கடுங்காப்பி நிறத்தில் இருக்கும். புளிப்பு மிகுந்தது, பி.எச். 4-க்குக் கீழேயும் போகும். பிராணவாயு குறைவு. கையில் அள்ளிப் பார்த்தால் தேநீர்போலத் தெளிவாக, ஒரு துகள்கூட இல்லாமல் இருக்கும். மாத்திரையைப் போட்டால்? தண்ணீரே பழுப்பு, எந்த நிறம் எதனோடு ஒப்பாகும்? பிள்ளை கண்ணைச் சுருக்கிக்கொண்டு அட்டையின் கடைசிக் கட்டத்தைக் காட்டுகிறது. 'மிக மோசம்' என்ற பக்கத்துக் கட்டம் அது. பூச்சிகளைப் பிடித்து நீரின் தரத்தைச் சொல்லும் முறையிலும் இதே சிக்கல்தான். வளர்ந்தபின் ஓரிரு நாளில் வாழ்வை முடித்துக்கொள்ளும் மெல்லிறகுப் பூச்சியின், கல்லடியில் ஒட்டிக் கிடக்கும் குஞ்சு கிடைத்தால் முழு மதிப்பெண். சிவப்புப் புழு மட்டும் கிடைத்தால் அடிமட்டம். அந்த மதிப்பெண் பட்டியலின் மூல வடிவம் 1970-களின் கடைசியில் பிரிட்டன் ஆறுகளுக்காகச் செய்யப்பட்டது. குளிர்ந்து கல்லில் மோதி ஓடும் ஓடைகள் அவை. கல்லே இல்லாத, ஓட்டமே தெரியாத, வெட்டிய பாரிட்டில் நின்றுகொண்டு ஒரு பிள்ளை அந்தப் பூச்சியைத் தேடுவதில் ஏதோ ஒரு பழைய கதை திரும்ப நடக்கிறது. தேயிலைத் தூளின் தரத்தையும் பாலின் கனத்தையும் கங்காணியின் நாணயத்தையும் அளக்கிற கோல் எப்போதுமே வேறு எங்கிருந்தோதான் வந்திருக்கிறது.

அந்தக் 'கெட்ட' தண்ணீரில்தான் பெட்டா லிவிடா என்றொரு சண்டை மீன் வாழ்கிறது. சுண்டுவிரல் அளவு, பச்சையொளி தெறிக்கும் கண். 1992-ல்தான் அறிவியலுக்கு அறிமுகமானது. வட சிலாங்கூரின் கரிய நீரை விட்டால் அதற்கு வேறு ஊர் கிடையாது. அந்த நீரைச் சுத்தம் செய்து, புளிப்பை எடுத்து, அட்டையின் நல்ல பக்கத்துக்குக் கொண்டுவந்தால் மீன் போய்விடும். தோட்டத்துப் பையன்கள் பாட்டிலில் அடைத்து, கன்னத்தில் கண்ணாடி ஒட்டிக் கண்ணோடு கண் பார்த்த எத்தனையோ மீன்களின் உறவுக்காரன் இது. எதை நல்ல தண்ணீர் என்பது, யாருக்கு நல்ல தண்ணீர் என்பது என்ற கேள்வி இப்படிச் சுண்டுவிரல் அளவில் வந்து நிற்கும்போது, அதை ஒரு முகாமின் காலை நேரத்துக்குள் சொல்லித் தீர்த்துவிட முடியாது. விவரம் தெரிந்த பயிற்சியாளர் சொல்ல முயல்வார். வெயில் ஏறும், பொட்டலம் வரும், படம் எடுக்க வேண்டும்.

நேரமும் ஒரு சிக்கல். கடலோரச் சிலாங்கூரில் தண்ணீர் தன் விருப்பத்துக்கு ஓடுவதில்லை. ஜெராம், கோல சிலாங்கூர் பக்கத்துத் தோட்டங்களும் கம்பங்களும் கரையணைகளுக்குப் பின்னால் இருப்பவை. பாரிட்டுகளின் வாயில் கதவுகள் உண்டு. ஏற்றத்தில் கடல் உள்ளே வராதபடி மூடும், வற்றத்தில் உள்ளிருப்பது வெளியேறத் திறக்கும். மூடியிருக்கும் ஆறு மணி நேரம் பாரிட்டு ஒரு குட்டை. திறந்தபின்தான் அது ஓடை. பாசி பகலில் பிராணவாயுவை விடுவதால் விடியலில் குறைந்திருக்கும் அளவு பிற்பகலில் ஏறிவிடும். மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை, காலை ஒன்பதரைக்கு எடுக்கும் எண் தண்ணீரைப் பற்றிச் சொல்கிறதா, அன்றைய நிலாவைப் பற்றிச் சொல்கிறதா? மீனவர் வீட்டுப் பிள்ளை குழுவில் இருந்தால் இதை முதலில் அதுதான் கேட்கும். அப்பா படகு எடுக்கும் நேரம் நாளுக்கு நாள் தள்ளிப்போவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளை அது. அந்தக் கேள்வி மாத்திரைப் பெட்டியைவிடப் பெரிய அறிவியல்.

அளக்கத் தெரிவது அற்பமில்லை என்பதற்கு இந்தப் பக்கத்து மண்ணிலேயே சான்று இருக்கிறது. புக்கிட் ரோத்தானிலிருந்து உள்ளே போனால் பத்தாங் பெர்ஜுந்தாய், இன்றைய பெஸ்தாரி ஜெயா. அங்கே 1917-ல் ஆன்ரி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் தென்னமரம் தோட்டத்தில் நட்டதுதான் மலாயாவின் முதல் வணிகச் செம்பனை. செம்பனைக்கு ஒரு தென்னையின் பெயர். அதுவும் தமிழர் வாயில் வந்த பெயர். அவர் பின்னாளில் மலாயா பற்றி எழுதிய நாவலுக்கு 1930-ல் கோன்கூர் பரிசு கிடைத்தது. அந்த மரங்களின் பிள்ளைகள் நாடெங்கும் பரவி, 1970-களில் செம்பனை ஆலைகள் மலேசிய ஆறுகளின் முதல் எதிரி என்று பெயர் வாங்கின. ஆலையிலிருந்து வரும் கழிவுநீரை ஒரு லிட்டர் எடுத்தால், அதிலுள்ளதை நுண்ணுயிர்கள் தின்று தீர்க்க ஏறக்குறைய 25,000 மில்லிகிராம் பிராணவாயு வேண்டும். ஆற்றில் அவ்வளவு எங்கே இருக்கிறது? மீன்கள் மூச்சு முட்டிச் செத்தன. 1977-ல் வந்த விதிமுறைகள் அந்த அளவை 1978-ல் 5,000-க்கும், படிப்படியாக இறக்கி 1984-ல் 100-க்கும் கொண்டுவரச் சொல்லின. ஆலைகளுக்குப் பின்னால் வரிசை வரிசையாகக் குளங்கள் முளைத்தது அப்போதுதான். தோட்டத்துச் சனங்கள் அதற்கு முன்பும் நாற்றத்தைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள்; நாற்றத்துக்கு அபராதம் எழுத முடியவில்லை, எண்ணுக்கு எழுத முடிந்தது. பாட்டியின் மூக்கு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் கிராணியின் மேசைக்கு அப்பால் அது செல்லுபடியாகவில்லை.

அப்படியானால் எண் எழுதத் தெரிந்த பிள்ளை பாட்டியைவிட ஒரு படி மேலே நிற்கிறதா? நிற்க வேண்டும். ஆனால் எண் எழுதிய அந்தப் படிவம் எங்கே போகிறது என்று பின்தொடர்ந்தால் படி மெல்லக் கரைகிறது. நாட்டின் ஆறுகளுக்குச் சுற்றுச்சூழல் இலாகா வைத்திருக்கும் நீர்த்தரக் குறியீடு ஆறு அளவுகளைச் சேர்த்துக் கூட்டிய ஒற்றை எண்: கரைந்த பிராணவாயு, நுண்ணுயிர்கள் கேட்கும் பிராணவாயு, வேதிப்பொருள்கள் கேட்கும் பிராணவாயு, அம்மோனியா, நீரில் மிதக்கும் திடத்துகள், பி.எச். நிபுணர்களிடம் கருத்துக் கேட்டு ஒவ்வொன்றுக்கும் எடை போட்டிருக்கிறார்கள், பிராணவாயுவுக்கு 0.22, பி.எச்.-க்கு 0.12. கூட்டி 81-ஓ அதற்கு மேலோ வந்தால் சுத்தம், 60-க்குக் கீழே போனால் அசுத்தம். ஆறில் சிலவற்றை ஆய்வுக்கூடம் இல்லாமல் செய்யவே முடியாது. பிள்ளைகள் பிடித்தவையோ வண்ண அட்டையில் பிடித்தவை. இலாகாவின் கணக்கில் சேர அவற்றுக்குத் தகுதியில்லை. அது நியாயம்தான், யாரோ செய்த சூழ்ச்சி இல்லை. பிறகு எதற்கு? விழிப்புணர்வுக்கு என்பார்கள். பல்கலைக்கழக நுழைவில் புறப்பாட நடவடிக்கைக்குப் பத்து விழுக்காடு இருக்கிறதே, அதற்கும் சான்றிதழ் உதவும் என்பார் ஓர் ஆசிரியர், சிரிக்காமல். விழிப்பு என்பது விழித்தவன் எழுந்து எங்காவது போவதற்கு வழி இருக்கும்போது நல்ல சொல். கதவு இல்லாத அறையில் ஒருவனை எழுப்பிவிடுவது வேறு காரியம். லயத்துப் பையன் பாரிட்டுக்கு இரண்டு நாள் போகாமல் இருந்தான். அவனுக்கு அது தண்ணீர் பற்றிய செய்தி மட்டும். இந்தப் பிள்ளைக்குத் தண்ணீரும் தெரியும், தான் எழுதிய எண்ணை யாரும் கேட்கவில்லை என்பதும் தெரியும். பதினான்கு வயதில் இரண்டாவதைத் தெரிந்துகொள்வது நல்லதா கெட்டதா என்று முடிவு செய்ய முடியவில்லை.

அமெரிக்காவில் ஆன் ஆர்பர் என்ற ஊரில் இது வேறு மாதிரி நடந்தது. 1984-ல் ஹியூரான் ஆற்றில் பாய்மரப் பலகையில் சறுக்கி விளையாடிய உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகள் சிலருக்கு மஞ்சள் காமாலை வந்தது. ஆற்றில் என்ன இருக்கிறது என்று வகுப்பே அளக்கப் போனது. மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் ஸ்டாப் துணைக்கு வந்தார். உலகெங்கும் பள்ளிப் பிள்ளைகள் ஆறு அளக்கும் வலையமைப்பு அங்கிருந்துதான் கிளம்பியது. இங்கே புழங்கும் மாத்திரைப் பெட்டியும் அந்த வழியில் வந்ததே. தொடக்கத்தில் இருந்தது காமாலை என்பதைப் பெட்டி சொல்வதில்லை. அங்கே உடம்பு முதலில் கேட்டது, எண் பிறகு வந்தது. இங்கே எண் முதலில் வருகிறது. கேள்வி வரும்வரை காத்திருக்கச் சொல்கிறது.

உடம்பு முதலில் கேட்ட இடம் மலேசியாவிலும் உண்டு. 2019 மார்ச் 7-ஆம் தேதி ஜொகூரின் பாசிர் கூடாங்கில், சுங்கை கிம் கிம் அருகே இருந்த பள்ளிகளில் பிள்ளைகள் வாந்தியெடுத்து மூச்சுத் திணறினார்கள். ஆற்றில் யாரோ ரசாயனக் கழிவைக் கொட்டியிருந்தார்கள். ஒரு வாரத்துக்குள் 111 பள்ளிகள் மூடப்பட்டன. அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் பயிற்சி தரவில்லை. அவர்களின் நுரையீரலே அளவுகோலாக இருந்தது, அந்த அளவுக்கு மட்டும் உடனே பதில் வந்தது.

அதற்கு மறு ஆண்டு சிலாங்கூர் ஆற்றின் முறை. கோல குபு மலைகளில் தொடங்கி புக்கிட் ரோத்தானுக்கு வடக்கே வளைந்து கோல சிலாங்கூரில் கடலைச் சேரும் இந்த ஆறுதான் கிள்ளான் பள்ளத்தாக்கின் தண்ணீரில் பாதிக்கும் மேல் தருகிறது. 2020 செப்டம்பர் 3-ஆம் தேதி ரவாங் பக்கத்து சுங்கை கோங்கிலிருந்து இறங்கிய கழிவால் நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் நிறுத்தப்பட்டன. ஏறக்குறைய 12 லட்சம் கணக்குகளுக்குத் தண்ணீர் இல்லை. தொற்றுநோய்க் காலம், கையைக் கழுவு என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த நேரம். லாரிக்குப் பின்னால் வாளியோடு நின்ற வரிசைகளைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். எது அந்த நிலையங்களை நிறுத்தியது? வாசனை. ஆற்று நீரை வாசனையற்ற நீரோடு மேலும் மேலும் கலந்து, எத்தனை மடங்கு கலந்தால் மணம் மறைகிறது என்று மனிதர்கள் மூக்கில் வைத்துப் பார்த்து எண் எழுதும் சோதனை அது. நாட்டின் மிகப்பெரிய நீர்த்திட்டங்களில் ஒன்றைத் திறப்பதா மூடுவதா என்ற முடிவு கடைசியில் மூக்கிடம்தான் போய் நின்றது. அன்று பிள்ளைகளின் பெட்டி கரையில் இருந்திருந்தால் மாத்திரைகள் வழக்கம்போல நிறம் மாறியிருக்கும். ஆற்றிலிருந்த கரைப்பான் வாடைக்கு அந்த அட்டையில் வண்ணம் இல்லை. இலாகாவின் ஆறு அளவுகளிலும் வாசனைக்கு இடமில்லை. பாட்டி இருந்திருந்தால் கால வைக்காத என்று சொல்லியிருப்பாள்.

இதை வைத்துப் பாட்டியைத் தூக்கிப்பிடித்துப் பெட்டியைத் தூக்கியெறிவது சுலபமான உணர்ச்சி. பாட்டியின் மூக்கு அம்மோனியாவின் சிறு ஏற்றத்தைப் பிடிக்காது. கண்ணுக்குத் தெளிவாக இருக்கும் கரிய நீரில் புளிப்பு எவ்வளவு என்று சொல்லாது. தான் பழகிய நாற்றத்தை நாற்றம் என்றே உணராது. ஆலைக்குப் பக்கத்தில் முப்பது வருடம் இருந்தவர்களிடம் கேட்டால் தெரியும். மேலும், மூக்கு அறிந்த பலரும் இப்போது அந்த இடத்தில் இல்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, லயங்கள் இடிக்கப்பட்டு, குடும்பங்கள் தாமான் வீடுகளுக்கு வந்துவிட்டன. வாசலில் ஓடுவது சிமெண்டு அல்லூர். அதில் மீனும் இல்லை, நினைவும் இல்லை. வாரக் கடைசியில் பேருந்தில் ஏறிப் போய்த்தான் தாத்தா குளித்த பாரிட்டை இந்தப் பிள்ளை முதன்முதலாகப் பார்க்கிறது. பெட்டி அவர்களைக் கரைவரை கூட்டிப் போகிறதே, அது சின்ன விஷயமா? கம்போங் குவாந்தானில் இரவில் படகேறி மின்மினிகளைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளைக்கு, அந்த வெளிச்சம் பெரெம்பாங் மரங்கள் நிற்கும் கரைச் சேற்றில் ஊரும் ஒரு சிறு நத்தையிலிருந்து வருகிறது என்று யாராவது சொன்னால் எப்படி இருக்கும்? மின்மினியின் புழு அந்த நத்தையைத்தான் தின்று வளர்கிறது. நத்தைக்கு ஈரம் வேண்டும். மரத்துக்கு உப்பும் நன்னீரும் சரியான அளவில் கலந்து வர வேண்டும். மேலே அணையில் எவ்வளவு திறக்கிறார்கள், நடுவில் எவ்வளவு உறிஞ்சுகிறார்கள் என்பதெல்லாம் அந்த ஒரு மினுக்கலில் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள எண் வேண்டும், மூக்கு மட்டும் போதாது.

மொழியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பயிற்சி மலாயில் நடக்கிறது. சுங்கை, குவாலித்தி ஆயர், ஓக்சிஜன் தெர்லாருட். பெட்டியின் அட்டை ஆங்கிலத்தில். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லும்போதுதான் தமிழுக்கு வர வேண்டும். அங்கே சொல் தட்டுகிறது. "தண்ணியில காத்து கம்மியா இருக்கும்மா" என்று சொன்னால் அம்மா சிரிப்பாள். தாத்தா சிரிக்க மாட்டார். "அதான் அந்தக் காலத்துல மீனு மேல வந்து வாயத் தொறக்கும்" என்பார். அளவும் அனுபவமும் ஒரே மேசையில் உட்காரக்கூடிய இடம் ஒருவேளை அந்தச் சமையலறைதான். எந்தப் பயிற்சிக் கையேட்டிலும் அது மூன்றாம் நாள் நிகழ்ச்சியாகச் சேர்க்கப்பட்டிருக்காது.

பிள்ளைகள் நிரப்பும் படிவங்களின் கடைசியில் வழக்கமாக ஒரு கட்டம் இருக்கும்: சாத்தாத்தான், குறிப்பு. எண் கேட்காத ஒரே இடம். மற்றக் கட்டங்களை நிரப்பி முடித்த களைப்பில் அதில் 'தியாடா' என்று எழுதிவிடுவதும் வழக்கம், ஒன்றும் இல்லை. பதினொரு மணிக்குள் வலையை உதறி, குழாய்களைக் கழுவி, சப்பாத்துச் சேற்றைப் புல்லில் தேய்த்துவிட்டுப் பேருந்தில் ஏற வேண்டும். ஏற்றம் அன்று எப்போது முடியும் என்பதை அலை அட்டவணை முடிவு செய்கிறது. பேருந்து பெரிய ரோட்டில் ஏறிப் புக்கிட் ரோத்தான் தேவஸ்தானத்துக் கோபுரத்தைத் தாண்டும்போது ஜெராம் பக்கத்துக் கடல் பின்வாங்கத் தொடங்கியிருக்கலாம். பாரிட்டின் வாயில் இரும்புக் கதவு ஓர் அங்குலம் விலகும். காலையிலிருந்து தேங்கிக் கிடந்தது அசையும். முதலில் வாடை கிளம்பும், பிறகு தண்ணீர்.